ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிளும் திங்கட்கிழமைச் சைக்கிளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தன் கால்களின் வலிமை ஒன்றையே கொண்டு, நடப்பதைப் போல மூன்று மடங்கு விரைவாகச் செல்ல மனிதன் ஒரு வழி கண்டான். அதன் பெயர் மிதிவண்டி. 1817-ஆம் ஆண்டு ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, தரையைக் காலால் உந்திச் செல்லும் வண்டி ஒன்றைச் செய்தார். 1885-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களை வைத்து, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பைக் கொண்டுவந்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். அதற்குப் பின் சென்ற நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மிதிவண்டியின் அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை. மாறியதெல்லாம் அதன் மேல் அமர்ந்திருப்பவரை ஊர் பார்க்கும் பார்வைதான்!

அந்தப் பார்வையைப் பற்றியே இக்கட்டுரையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் கோவை மாநகரில் இரண்டு வகைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஒன்று ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள். மற்றொன்று திங்கட்கிழமைச் சைக்கிள்.

ஞாயிறு அதிகாலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் நின்று பாருங்கள். தலைக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து, பல கியர்கள் கொண்ட மெல்லிய வண்டிகளில் கூட்டம் கூட்டமாகச் செல்வோரைக் காணலாம். சிலர் பேரூர் வரை போய் வருவர்; சிலர் மருதமலை அடிவாரம் வரை. வண்டியின் விலை அரை லட்சம் இருக்கும். அதற்கு மேலும் இருக்கும். மருத்துவர், பொறியாளர், தொழிலதிபர் எனப் பலரும் அதில் உண்டு. பார்ப்பவர் வியக்கிறார்கள். "உடம்பை எப்படிப் பேணுகிறார் பாருங்கள்" என்கிறார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, அதே விடியற்காலையில் திருச்சி சாலையில் நின்று பாருங்கள். பால்காரர், பேப்பர் போடும் பையன், இளநீர் விற்பவர், இரவுக் காவல் முடித்து வீடு திரும்பும் வாட்ச்மேன், பவுண்டரிக்கு முதல் ஷிப்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளி, சித்தாள் வேலைக்குப் போகிறவர் எனச் சைக்கிளில் செல்வோர் வரிசை அங்கும் உண்டு. கைப்பிடியில் தூக்குப்போசி தொங்கும். விளக்கு இராது; பின்னால் சிவப்புக் கண்ணாடியும் இராது. அவரைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. பின்னால் வரும் கார் ஒலிப்பானை அழுத்தி, "ஓரமாகப் போ" என்கிறது. ஓரம் எங்கே இருக்கிறது? அங்கே சாக்கடை மூடியும் மணலும் நிறுத்தி வைத்த வண்டிகளும் அல்லவா இருக்கின்றன!

இருவரும் செய்வது ஒரே செயல். இருவர் இதயமும் ஒரே மாதிரிதான் துடிக்கிறது. இருவர் தொடைத் தசையும் ஒரே மாதிரிதான் உழைக்கிறது. ஆயினும் பயிற்சிக்காக மிதித்தால் நாகரிகம் என்றும், பிழைப்புக்காக மிதித்தால் ஏழ்மை என்றும் நாம் முத்திரை குத்துகிறோம். இந்தப் பிரிவினை ஒழிந்தாலன்றி நம் நகரத்துச் சாலைகளும் திருந்தா, நம் உடலும் திருந்தாது என்பதே என் உறுதியான எண்ணம்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு குடும்பங்களுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டி இருந்தவை 21 குடும்பங்கள். கார், ஜீப் வைத்திருந்தவை ஐந்துக்கும் குறைவு. அதாவது, அன்று வண்டி என்று ஒன்று இருந்த வீடுகளில் பெரும்பான்மைக்குச் சைக்கிளே வண்டி.

ஆனால் சாலை யாருக்காகப் போடப்பட்டது? 2022-இல் திருச்சி சாலையில் இராமநாதபுரம், சுங்கம் வழியாக மேம்பாலம் திறந்தார்கள். 2024-இல் உக்கடத்திலிருந்து ஆத்துப்பாலம் நோக்கி ஒரு மேம்பாலம் திறந்தார்கள். 2025-இல் அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளத்தில் ஒரு மேம்பாலம் திறந்தார்கள். இவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்சும் பேருந்தும் நெரிசலின்றிப் போவது நல்லதே. ஆனால் மேலே செல்லும் வண்டிக்குப் பத்துக் கிலோமீட்டர் பாலம் கட்ட முடிந்த நமக்கு, கீழே செல்லும் சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு கோடு கிழித்து அதைக் காக்க முடியாதா? இந்திய அரசின் 2006-ஆம் ஆண்டு நகரப் போக்குவரத்துக் கொள்கையே, வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று கூறுகிறது. கொள்கை ஏட்டில் உள்ளது. சைக்கிள்காரர் சாக்கடை ஓரத்தில் உள்ளார்.

வாயிலில் நின்ற சைக்கிள்

சென்ற ஆண்டு ஒரு வணிக வளாகத்துக்குப் புத்தகம் வாங்கச் சென்றிருந்தேன். வாயிலில் காவலர் என்னை நிறுத்தினார். "அம்மிணி, சைக்கிளெல்லாம் உள்ள உட மாட்டாங்க. வெளியில எங்கியாச்சும் நிறுத்திப்போட்டு வாங்க" என்றார். காருக்கு இடம் உண்டு, பைக்குக்கு இடம் உண்டு. சைக்கிளுக்குச் சீட்டுக் கிழிக்கும் வழக்கமே இல்லையாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஏனெனில், பின்சுவரின் ஓரம் சாய்த்து வைத்திருந்த பழைய ஹெர்குலிஸ் அவருடையதுதான். தான் ஓட்டும் வண்டியையே உள்ளே விடக் கூடாது என்று சொல்வதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் நகரம் இது!

வீதியிலும் இதே கதைதான். எங்கள் தெருவில் ஓர் அத்தை அன்போடு கேட்டார்: "ஏம்மிணி, காலேசு போற புள்ள இன்னுமா சைக்கிள மிதிச்சுட்டுப் போறே? உங்கப்பன்கிட்டச் சொல்லி ஒரு வண்டி வாங்கிக்க வேண்டியதுதானே?" என் தந்தையார் பவுண்டரியில் வேலை செய்பவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிளில் சென்று வருகிறார். அந்தச் சைக்கிளிலிருந்து இறங்குவதுதான் படிப்பின் பயன் என்று அத்தை நினைக்கிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. படித்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டதைத்தானே அவர் பார்த்திருக்கிறார்!

நம் கல்லூரியிலும் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பைக்குகள் வரிசை வரிசையாக நின்ற இடத்தில், சைக்கிள்கள் பதினேழு. அவற்றுள் மாணவியருடையவை மூன்று. ஆனால் நம்மில் மிகப் பலர் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியைப் பெற்றவர்கள். 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அத்திட்டம், பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவருக்குமாக விரிந்தது. அந்தச் சைக்கிள்கள் எங்கே? சில விற்கப்பட்டன. சில தம்பி தங்கையரிடம் போயின. பல, வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பள்ளிக்குச் செல்லப் பயன்பட்ட வண்டி கல்லூரி வாயிலைக் கண்டதும் வெட்கப்பட்டு நின்றுவிடுகிறது. வண்டிக்கு வெட்கம் ஏது? வெட்கம் நமக்குத்தான்.

புதுக்கோட்டை கற்பித்த பாடம்

சைக்கிள் வெறும் இரும்பு என்று எண்ணுபவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1991-ஆம் ஆண்டையொட்டி அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்பிக்கப்பட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். விவசாயக் கூலிப் பெண்களும் கல் குவாரிப் பெண்களும் கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சைக்கிள் ஏறினர். ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியுள்ளார். பேருந்துக்காகவும் கணவனுக்காகவும் மகனுக்காகவும் காத்து நின்ற பெண், தானே தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனாள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கேலி ஓய்ந்தது, சைக்கிள் ஓயவில்லை.

கையெழுத்துப் போடக் கற்ற அந்தத் தாய்மார் சைக்கிளைப் பெருமையாக எண்ணினர். பட்டம் பெறப் போகும் நாம் அதை இழிவாக எண்ணுகிறோம். இதில் யார் முன்னேறியவர்?

பயணமே பயிற்சி

உடல்நலத்தைப் பற்றிச் சிறிது பேசுவோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியைவிட அதிகம். இனி இது பணக்காரர் நோய் என்று சொல்வதற்கில்லை. உட்கார்ந்தே வேலை, உட்கார்ந்தே பயணம், உட்கார்ந்தே பொழுதுபோக்கு என்று ஆகிவிட்ட யாருக்கும் அது வரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிய அறிவுரை, வளர்ந்தவர் ஒவ்வொருவரும் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்பது. இதற்காகச் சிலர் மாதக் கட்டணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்கிறார்கள். அங்கே போவதற்குப் பைக் எடுக்கிறார்கள்! அங்கே போய், நகராத சைக்கிள் ஒன்றில் ஏறி மிதிக்கிறார்கள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கும் கல்லூரிக்கும் ஐந்து கிலோமீட்டர் என்று கொள்வோம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் இருபது நிமிடம். போக வர நாற்பது. ஐந்து நாளைக்கு இருநூறு நிமிடம். வாரத்துக்கான கணக்கு முடிந்தது. பயிற்சிக்கென்று ஒரு நிமிடம்கூடத் தனியே ஒதுக்கவில்லை. வேலை செய்யும் தசை, இன்சுலினைப் பெரிதும் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று உடலியல் கூறுகிறது. உடலின் எடையை இருக்கை தாங்குவதால், ஓடுவதைப் போல முழங்காலில் அதிர்ச்சி விழுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் பள்ளியில் கொடுத்தபோது இருந்த உயரத்திலேயே இருக்கையை வைத்து ஓட்டுகிறோம். நாம் வளர்ந்தோம், இருக்கை வளரவில்லை. அதனால்தான் முழங்கால் வலிக்கிறது. மிதிகட்டை கீழே இருக்கும்போது கால் ஏறத்தாழ நீண்டு, முழங்கால் சிறிதே மடங்கியிருக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியால் மிதிக்காமல், விரல்களுக்குப் பின்னுள்ள முன்பகுதியால் மிதிக்க வேண்டும். டயரில் காற்று குறைந்தால் உழைப்பு கூடும். வாரம் ஒரு முறை காற்றும், மாதம் ஒரு முறை சங்கிலிக்கு எண்ணெயும் போதும். ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் இருந்தால் பாதிச் சைக்கிள்களின் "கனம்" பறந்துவிடும்.

குளக்கரை என்னும் கொடை

மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு செல்வம் கோவைக்கு உண்டு. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து கிழக்கே ஓடும் நொய்யலும், அதன் நீரை வாங்கிக்கொள்ளும் குளங்களுமே அது. நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று மேற்கிலிருந்து கிழக்கு வரை மாலை தொடுத்தாற்போல் அவை கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கரை உண்டு. சிக்னல் இல்லாத, லாரி வராத, மேடு பள்ளம் அதிகமில்லாத பாதை அது. சைக்கிளுக்கென்றே யாரோ வெட்டி வைத்தாற்போன்ற வழி!

2016 தொடக்கத்தில் கோவை சீர்மிகு நகரத் திட்டத்தின் முதல் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் பெரியகுளத்தின் கரையும் வாலாங்குளத்தின் கரையும் திருத்தப்பட்டு, நடப்பதற்கும் மிதிவண்டி ஓட்டுவதற்கும் பாதை அமைந்தது. விடுமுறை நாள் காலையில் பெரியகுளத்தின் கரையில் சைக்கிளில் செல்லும் இன்பத்தைச் சொல்லி முடியாது. வலப்புறம் நீர், இடப்புறம் ஊர். நீர்க்காகம் மூழ்கி எழும். தூரத்தில் மலைத்தொடர் நீலமாய் நிற்கும். திருத்தப்படாத கரைகளிலும் நான் சென்றிருக்கிறேன். அங்கே செம்மண் தடமும் சீமைக்கருவேல முள்ளும் உண்டு, பஞ்சர் நிச்சயம். ஆனாலும் வண்டியை நிலைநிறுத்தும் பயிற்சி அந்தத் தடத்தில் கிடைப்பதுபோல் தார்ச் சாலையில் கிடைக்காது.

குறை எங்கே என்றால், இந்தப் பாதைகள் உலாவுவதற்கென்று அமைந்தன. போய்ச் சேர்வதற்கென்று அமையவில்லை. வாலாங்குளத்தின் கரை தீரும் இடத்துக்கும் பெரியகுளத்தின் கரை தொடங்கும் இடத்துக்கும் நடுவே உக்கடம் சந்திப்பு இருக்கிறது. பேருந்தும் லாரியும் ஆட்டோவும் குறுக்கும் நெடுக்கும் ஓடும் அந்த இடத்தைச் சைக்கிளோடு கடப்பது ஒரு வீர விளையாட்டு. ஒரு குளத்து நீர் மறு குளத்துக்குச் செல்ல நம் முன்னோர் வாய்க்கால் வைத்தார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மனிதன் செல்ல நாம் வழி வைக்கவில்லை. வாய்க்கால் கரைகளையும் நொய்யல் கரையையும் கொண்டே குளங்களை ஒரு தொடராக இணைத்தால், சிங்காநல்லூரிலிருந்து பேரூர் வரை நெடுஞ்சாலையைத் தொடாமல் ஒரு தொழிலாளி வேலைக்குப் போகலாம். ஒரு மாணவி படிக்கப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக்காரரும் திங்கட்கிழமைக்காரரும் ஒரே வழியில் சந்திப்பர்.

காற்றும் நமக்குத் துணை செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்தில் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே, ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்று வீசுகிறது. நான் கிழக்கேயிருந்து மேற்கு நோக்கிக் கல்லூரிக்கு வருகிறேன். காலையில் காற்று தணிந்திருப்பதால் எதிர்த்து மிதிக்க முடிகிறது. வெயில் ஏற ஏறக் காற்று வலுக்கிறது. மாலையில் வீடு திரும்பும்போது அதுவே முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. நொய்யல் ஓடும் அதே சரிவும் கிழக்கே இறங்குகிறது. களைத்தவனை வீட்டுக்குத் தள்ளிவிடும் ஊர் வேறெங்கும் உண்டா?

தடைகளும் விடைகளும்

"பெண்களுக்குத்தான் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறதே, சைக்கிள் எதற்கு?" என்று தோழியர் கேட்கிறார்கள். 2021 மே மாதம் வந்த அந்தத் திட்டம் எத்தனையோ தாய்மாரின் கைச்செலவை மிச்சப்படுத்தியது. மழை நாளில் நானும் அதில் வருகிறேன். ஆனால் பேருந்து வரும் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும். சைக்கிள் நாம் வரும் நேரத்துக்குக் காத்திருக்கும். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கும், நிறுத்தத்திலிருந்து நூலகத்துக்கும் பேருந்து வராது. இரண்டும் பகையல்ல, ஒன்றுக்கொன்று துணை.

"பைக் வாங்கினால் என்ன?" என்போருக்கு ஒரு கணக்கு. நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 0.4 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு நாற்பது ரூபாய். மாதம் இருபத்திரண்டு நாளைக்கு 880 ரூபாய். தவணையும் காப்பீடும் தனி. நம் வீடுகளில் அது சிறு தொகையா?

"ஆபத்து" என்பது மூன்றாவது தடை. இதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே மிக அதிகமாகச் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு, எண்ணிக்கை 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். இயற்பியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சைக்கிளும் நானும் சேர்ந்து எழுபது கிலோ. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் எங்கள் இயக்க ஆற்றல் சுமார் 600 ஜூல். பைக்கும் அதை ஓட்டுபவரும் 170 கிலோ. மணிக்கு ஐம்பதில் சுமார் 16,400 ஜூல். அதாவது இருபத்தேழு மடங்கு. லாரியைச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஆபத்தை உண்டாக்குவது சைக்கிள் அன்று. சைக்கிளையும் லாரியையும் ஒரே தடத்தில் விட்டிருக்கும் ஏற்பாடுதான். அஞ்சிச் சைக்கிளை விடுவதால் ஆபத்து குறையாது. சாலையில் வேகமான வண்டி ஒன்று கூடும், அவ்வளவே.

நெதர்லாந்து நாட்டைச் சைக்கிள்களின் நாடு என்று புகழ்கிறோம். அது வானத்திலிருந்து விழுந்த பெருமை அன்று. 1971-இல் அந்தச் சிறு நாட்டில் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர் சிறுவர் சிறுமியர். பெற்றோர் வீதிக்கு வந்தனர். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று முழங்கினர். அதன் பின்னரே அங்கே தனிப்பாதைகள் பெருகின. கேட்டார்கள், பெற்றார்கள்.

நம் ஊரிலும் ஒரு முயற்சி நடந்தது. 2018-இல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கோவை வீதிகளில் மஞ்சள் நிற வாடகைச் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. சில மாதங்களில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. வண்டியைக் கொண்டுவந்தவர்கள் வழியைக் கொண்டுவரவில்லை. வழியின்றி வண்டி நிலைக்காது என்பதற்கு அதுவே சான்று.

நாம் கேட்க வேண்டியவை

மாநகராட்சியை நாம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, குளக்கரைகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழி. அதிலும் முதலில் உக்கடத்தில் சைக்கிளும் நடப்போரும் அஞ்சாமல் கடக்க ஓர் ஏற்பாடு. இரண்டாவது, கரைகளில் விளக்கு. ஆறு மணிக்கு இருட்டிவிடும் கார்த்திகை மாதத்தில் எந்தப் பெண் தனியே அந்த வழியில் வருவாள்? வேலை முடிந்து வருவோர் செல்லும் நேரம் வரை வாயிலும் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது, படி உள்ள இடமெல்லாம் பக்கத்தில் ஒரு சரிவு. நான்காவது, பொதுமக்கள் வந்து செல்லும் எந்தக் கட்டடமானாலும் சைக்கிளுக்கு நிறுத்துமிடம் என்ற விதி.

கல்லூரி நிர்வாகத்திடம் பணிவோடு கேட்பது இது: சைக்கிள்களுக்கு நிழலுள்ள ஓரிடம், ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு பெட்டியில் ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மாதம் ஒரு நாள் சைக்கிள் பழுது பார்க்கும் முகாம் நடத்தலாம். துருப்பிடித்துக் கிடக்கும் பள்ளிச் சைக்கிள்கள் எத்தனையோ அதில் உயிர் பெறும். ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டும் பெரியோரும் இதில் நம்மோடு சேர வேண்டும். அவர்களுடைய குரல் அதிகாரிகளின் காதில் எளிதாக விழும். பவுண்டரித் தொழிலாளி பத்து ஆண்டு கேட்டாலும் கிடைக்காத பாதை, அவர்கள் இரண்டு முறை கேட்டால் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்த பாதையில் இருவரும் போகலாம் அல்லவா?

மாணவத் தோழர்களே, தோழியரே! கோரிக்கை நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர்கள் வாரத்தில் இரண்டு நாள் தொடங்குங்கள். முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு கட்டாயம் மாட்டுங்கள். சங்கிலிக்கு மூடி போடுங்கள்; துப்பட்டா சிக்காது. ஒரே பகுதியிலிருந்து வருவோர் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாருங்கள். தனியாக வருபவரை ஒதுக்கித் தள்ளும் வண்டி, கூட்டத்தைக் கண்டால் வேகம் குறைக்கும். பதினேழு சைக்கிள்கள் அடுத்த ஆண்டு எழுபதாகட்டும். எழுபது சைக்கிள்கள் நிற்கும் கல்லூரிக்கு நிறுத்துமிடம் தானே வரும். எழுநூறு சைக்கிள்கள் ஓடும் சாலைக்குப் பாதை தானே வரும்.

கல்வி நம்மைப் பலவற்றிலிருந்து விடுவிக்க வேண்டும்; உழைப்பிலிருந்து வரும் வெட்கத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும். பட்டம் பெற்றவள் சைக்கிளில் வேலைக்குப் போகிறாள் என்பது செய்தியாக இல்லாமல் சாதாரணமாகப் போய்விடும் நாளில், இந்த நகரத்தின் சாலைகள் எல்லாருக்கும் உரியவை ஆகியிருக்கும்.